சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் புதிதாக சைக்கிள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுல ஏற்காடு ஏறிடலாமா?" என்பதுதான். அதற்கான பதிலைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை மலையேறி இறங்குவதைவிட, தினமும் காலையில் கோரிமேடு வரைக்கும் போய் வருவது உடம்புக்கும் மனசுக்கும் அதிகம் செய்யும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் இதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

வாரத்துக்கு எவ்வளவு ஓட்டினால் பலன் தெரியும்?

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையாகச் செய்தால் அதில் பாதி போதும். நாளுக்கு அரை மணி நேரம் என்று ஐந்து நாள் ஓட்டினாலே 150 நிமிடம் வந்துவிடும். மிதம் எது என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

அரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்றில்லை. அம்மாபேட்டையிலிருந்து செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதும் கணக்கில் சேரும். 'பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும்' என்று முன்பு சொல்லி வந்த நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் தன் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது.

பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. காரிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், சைக்கிளில் போனவர்கள் அந்தக் காலகட்டத்தில் இறக்கும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமாக இருப்பவர்களாகவும் இருக்கலாம், அதனால் முழுப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுக்க முடியாது. இருந்தாலும் வேலைக்குப் போய்வரும் ஒரு பழக்கத்தோடு இவ்வளவு பெரிய வித்தியாசம் சேர்ந்து வருவது சாதாரண விஷயமில்லை.

நான் தினமும் காந்தி ஸ்டேடியத்தில் நடக்கிறேன். அது போதாதா?

போதும். நடையை விட்டுவிடவே விடாதீர்கள். சைக்கிளில் உடம்பின் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு. அதிக எடை உள்ளவர்களுக்கும் குதிகால் வலி உள்ளவர்களுக்கும் அது பெரிய வசதி. ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு சைக்கிள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தரையில் காலூன்றி எடையைத் தாங்கும்போதுதான் எலும்பு உறுதிப்படும். சைக்கிளை மட்டுமே நம்பி இருக்கிறவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், கூடவே நடக்க வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கினால் இன்னும் நல்லது.

எனக்கு சுகர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். சைக்கிள் ஓட்டலாமா?

கண்டிப்பாக ஓட்டலாம். சுகர் உள்ளவர்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி குறைவு. தொடையும் புட்டமும்தான் உடம்பிலேயே பெரிய தசைகள், பெடல் மிதிக்கும்போது வேலை செய்வதும் அவைதான். வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்த பிறகும், ஒரு நாள் இரண்டு நாள் வரைக்கும்கூட, இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்யும். அப்புறம் அந்தப் பலன் தேய்ந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மற்ற ஆறு நாளும் வண்டியைத் தொடாமல் இருப்பது சுகருக்கு அவ்வளவாக உதவாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எண் இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த நாள் காலையில் யாரும் உங்களை எழுப்ப வேண்டியதில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வழியில் லோ சுகர் ஆகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் உடனே நிறுத்திவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, சரியான பிறகு மெதுவாகக் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் தெருமுனையைத் தாண்ட வேண்டாம். கால் மரத்துப் போகிறவர்கள் செருப்போடு ஓட்டாமல் ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சுகரால் கண்ணில் ரத்தக்கசிவு வந்தவர்கள், கண் டாக்டரைக் கேட்காமல் மேடு ஏறக் கூடாது.

பிபி இருக்கிறவர்கள்?

தொடர்ந்து ஓட்டினால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 180/110-க்கு மேல் இருக்கும்போது ஓட்டவே வேண்டாம், முதலில் அதைக் குறையுங்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு எவ்வளவு மிதித்தாலும் பெரிதாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து வேகத்தைக் கூட்டாமல், பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மார்பில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் என்று எது வந்தாலும் அங்கேயே இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும். ஆளை அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'கேஸாக இருக்கும்' என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்கிற நேரம் அது இல்லை.

முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே?

சரியான உயரத்தில் சீட்டை வைத்து, லேசாக மிதித்தால் தேயாது. முட்டித் தேய்மானம் உள்ளவர்களையே பிசியோதெரபியில் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் முட்டி வலியோடு வருகிறவர்களின் வண்டியைப் பார்த்தால் பத்தில் எட்டில் சீட் தாழ்ந்துதான் இருக்கும். கடையில் வாங்கும்போது 'ரெண்டு காலும் தரையில் நல்லா ஊனணும்' என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மீறி மடங்கும், முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும்.

உயரத்தை இப்படிப் பாருங்கள். சுவர் ஓரமாக சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்போது குதிகாலை எடுத்துவிட்டு, ஓட்டும்போது வைப்பதுபோல முன்பாதத்தை வையுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் உயரம். நிறுத்தும்போது கால் விரல்கள் மட்டும் தரையில் படும், முதல் இரண்டு மூன்று நாள் பயமாகத்தான் இருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும். அதற்குப் பிறகும் முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட் இன்னும் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் உள்ள வண்டியில் கஷ்டமான கியரைப் போட்டு ஒவ்வொரு மிதியாக அழுத்துவதும் முட்டியைக் கெடுக்கும். லேசான கியரில் நிறைய சுற்று மிதியுங்கள், நிமிடத்துக்கு எழுபது எண்பது சுற்று வரட்டும்.

தொப்பை குறையுமா?

வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் குறைக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. அறுபது கிலோ எடை உள்ளவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமார் 350 முதல் 400 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் இரண்டு தட்டுவடை செட், ஒரு டீ என்று நின்றால் அதில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். எப்போதாவது நிற்பதில் தப்பில்லை, சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட்டே சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எடை மெதுவாகத்தான் இறங்கும். தராசு அசையாத மாதங்களிலும் இடுப்புச் சுற்றளவும் சுகரும் மூச்சும் சீராகிக்கொண்டிருக்கும், அதனால் தராசை மட்டும் பார்த்து மனம் விட வேண்டாம்.

உடம்பு சூடாகும், ஆண்மை பாதிக்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள்...

வேர்வையில் உடம்பு சூட்டை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் சிறுநீர் கடுத்துப் போகும், அதைத்தான் பலர் சூடு பிடித்தது என்கிறார்கள். வேலைக்குப் போகவும் காலை வேளையில் சுற்றி வரவும் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்மைக் குறைவு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு கவட்டைப் பகுதி மரத்துப் போனால் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் சமப்படுத்துங்கள், நடுவில் பள்ளம் உள்ள சீட்டாக மாற்றுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

சேலம் வெயிலில் எப்போது ஓட்டுவது?

காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே வீட்டுக்குள் இருக்கப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லது நான் குடித்ததில்லை. வெயிலில் தலை வலித்து, குமட்டி, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஐந்து ரோடு புகையையும் டிராஃபிக்கையும் பார்த்தால் ஓட்டாமல் இருப்பதே நல்லது போலிருக்கிறதே?

நெதர்லாந்தில் 2010-இல் இதையே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். காரிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிறவருக்கு உடற்பயிற்சியால் ஆயுள் 3 முதல் 14 மாதம் வரை கூடுகிறது. புகையாலும் விபத்தாலும் குறைவது நாள் கணக்கில்தான். ஆனால் அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. நம்மிடம் இல்லை, விபத்துக் கணக்கு இங்கே அவ்வளவு சுலபமாக இருக்காது. அதனால் ஐந்து ரோட்டையும் புது பஸ் ஸ்டாண்டு சுற்றையும் நெரிசல் நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். உள் தெருக்களில் இரண்டு நிமிடம் கூடுதலாகும், பரவாயில்லை. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, தலையில் ஹெல்மெட். மூன்றுக்கும் ஆகும் செலவைப் பார்க்காதீர்கள். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாமல் ஒரு கதவு திறக்கும் அகலம் விட்டு ஓட்டுங்கள்.

எங்கே ஓட்டினால் நன்றாக இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. சேலத்தில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கண்ணெதிரே ஒரு மலை வந்து நிற்கும்.

முதல் மாதம் கன்னங்குறிச்சி பக்கம் போங்கள். மூக்கனேரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில், ஏரிக்குள் மண்திட்டுகள் அமைத்து வளர்த்த மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அதுவும் பயிற்சியில் சேர்த்திதான்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் சூரமங்கலம் தாண்டி மேற்கே கஞ்சமலைப் பக்கம். ஸ்டீல் பிளான்ட்டைக் கடந்தால் ஊர் சத்தம் அடங்கிவிடும். சித்தர் கோயில் வாசலில் இறங்கிக் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு இளம்பிள்ளை வழியாகத் திரும்பினால், காலை ஏழு மணிக்கே வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம் கேட்கும். ஒரு தெருவில் அடங்கி அடுத்த தெருவில் தொடங்கும். கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவருக்கு இது கேட்காது. பைக்கில் போகிறவருக்குத் தன் இன்ஜின் சத்தம்தான் கேட்கும். கஞ்சமலையைச் சுற்றும் சாலையில் பெரிய மேடும் இல்லை, வாரக் கடைசியில் குடும்பத்தோடு போகத் தோதான வழி.

மனச்சோர்வு, தூக்கமின்மை என்று வருகிறவர்களுக்கும் இந்த மாதிரிக் காலைப் பயணத்தைத்தான் சொல்வேன். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். அதோடு காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவு தூக்கமும் நேரத்துக்கு வரும்.

என்ன சைக்கிள் வாங்கலாம்?

வீட்டில் இருப்பதை முதலில் ஓட்டுங்கள். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. பக்கத்துக் கடையில் ஓவராயில் செய்து, ரிம்முக்குக் கோட்டம் எடுத்து, டியூபும் பிரேக் கட்டையும் மாற்றினால் ஊருக்குள் ஓட்ட அது போதும். ஆறு மாதம் விடாமல் ஓட்டிய பிறகும் ஆசை இருந்தால் கியர் வண்டி வாங்குங்கள். தடிமனான டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் வைத்த மலை சைக்கிளைப் பார்த்து மயங்க வேண்டாம், தார் ரோட்டில் அது காலை இழுக்கும். நடுத்தர அகல டயர் கொண்ட ஹைபிரிட் நம் சாலைக்குப் பொருத்தம். காற்றை வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், காற்று குறைந்த டயர் உங்கள் உழைப்பை வீணாகத் தின்றுவிடும்.

எனக்கு 45 வயது, சைக்கிள் ஓட்டத் தெரியாது. பெண்கள் இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் அம்மா. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள் உட்பட, புடவை கட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்துங்கள் (கற்றுக்கொள்ளும்போது மட்டும் இது சரி). பெடலைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போங்கள். பத்தடி தூரம் கால் ஊன்றாமல் போக வந்ததும் பெடலை மாட்டுங்கள். பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதைவிட இதில் சீக்கிரம் வரும், விழுவதும் குறைவு. புடவையானால் பின் சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு மூடியும் கட்டாயம்.

விடியற்காலையில் நாய்கள் துரத்துகின்றன.

வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுக்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டியபடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ பல் கீறினாலோகூட 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும்.

சரி, ஏற்காடு ஏறலாமா?

சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அடுத்த நாள் சாதாரணமாக எழுந்து வேலைக்குப் போக முடிகிறதா? கோரிமேட்டிலிருந்து குரும்பப்பட்டிப் பக்கம் வரும் ஏற்றத்தில் நிற்காமல் பேசிக்கொண்டே போக முடிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஏறலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிபி, புகைப் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து, ஆறு மீட்டர் உயரும். எழுபது கிலோ எடை உள்ளவர் அந்த உயரத்தை ஏறி முடிக்க 900, 1,000 கலோரி செலவழிப்பார். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் எடுத்துக்கொண்டு, பசிப்பதற்கு முன்பே அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

முதல் சில வளைவுகளில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். கால் புதிதாக இருக்கும், காற்று இதமாக இருக்கும், வேகமாக மிதித்துவிடுவார்கள். பாதி தூரத்தில் தொடை கெட்டித்துவிடும். இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அதே ஒரே சீராகப் போங்கள். முதல் முறை மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகலாம். கியர் இல்லாத வண்டியானால் சில இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏறும்போது காடு மாறுவதைப் பார்க்கலாம். கீழே முள்ளும் மூங்கிலும். மேலே போகப் போக நிழல் கூடும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும், அதற்கடியில் காப்பிச் செடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. பங்குனி, சித்திரையில் கோடை மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பி பூக்கும். அந்தச் சமயம் போனால் மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்தது போல வாசம் அடிக்கும். அடிவாரத்தைவிட ஏழு, எட்டு டிகிரி குறைவாக இருப்பதை அப்போது தோல் சொல்லும்.

சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம், வண்டி நெரிசலில் வளைவுகளில் இடமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் உருளும், பனிமூட்டத்தில் பஸ் டிரைவருக்கு உங்களைத் தெரியாது. ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டால் குரங்கு வரும். வண்டிகள் குறைவான வழி வேண்டும் என்றால் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறலாம், ஆனால் வழியில் உதவிக்கு ஆள் கிடைப்பதும் குறைவு. தனியாகப் போகாதீர்கள்.

இறங்குவது சுலபம்தானே?

மூச்சுக்கு மட்டும்தான் சுலபம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். கிளம்புவதற்கு முந்தின நாளே பிரேக் கட்டைகளைப் பாருங்கள், கோடு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கம் முழுக்க பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். நேர் ரோட்டில், வளைவுக்கு முன்பாகவே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுத் திரும்புங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், முன்னால் போகும் பஸ்ஸை முந்தவே முந்தாதீர்கள். இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும், ரோட்டில் உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்பக்கமாக வாருங்கள். நனைந்த பனியனோடு இறங்கினால் குளிரில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது, ஒரு காய்ந்த சட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ரிம் ஆறும் வரை நில்லுங்கள், ஆனால் ரிம்மை வெறுங்கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.